கிகாஹெர்ட்ஸ் மட்டும் பார்த்து கம்ப்யூட்டர் வாங்கலாமா?

பிள்ளையின் காலேஜ் படிப்புக்கோ, சொந்தமாக ஒரு டிடிபி சென்டர் வைக்கவோ கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? கடையில் "இது 5 கிகாஹெர்ட்ஸ் சார், அது 4.6 தான்" என்று சொன்னதும் பெரிய நம்பரை எடுத்துவிடாதீர்கள்.

இன்டெல் நிறுவனத்தின் இரண்டு பிராசசர்களைப் பார்ப்போம். இரண்டும் 13-ஆம் தலைமுறை. லேப்டாப்பில் வரும் கோர் ஐ7-1355யு-வின் உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். டெஸ்க்டாப்புக்கான கோர் ஐ5-13400-க்கு 4.6. இரண்டிலும் 10 கோர்கள். பெயரிலும் ஐ7 தானே பெரிசு! ஆனால் வீடியோ எடிட்டிங் மாதிரி நீண்ட நேர வேலையில் ஜெயிப்பது டெஸ்க்டாப்தான்.

ஏன்? அந்த 10 கோர்களும் ஒரே மாதிரி இல்லை. லேப்டாப் சிப்பில் வேகமான பெரிய கோர்கள் 2 மட்டுமே. மற்ற 8-ம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சின்ன கோர்கள். டெஸ்க்டாப்பில் பெரியவை 6, சின்னவை 4. அடுத்தது வாட்ஸ். லேப்டாப் சிப்பின் அடிப்படை மின் அளவு 15 வாட்ஸ், டெஸ்க்டாப்புக்கு 65. உச்ச வேகம் என்பது கொஞ்ச நேரத்துக்குத்தான். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெலிசான லேப்டாப்பில் இருப்பது சின்ன ஃபேன், அது எவ்வளவு சூட்டைத்தான் வெளியே தள்ளும்? (ஒரே சிப் இரண்டு லேப்டாப்களில் இரண்டு விதமாக ஓடுவதும் இதனால்தான்.)

டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், வீடியோ கிளாஸ் மட்டும் என்றால் அந்த லேப்டாப் சிப் தாராளமாகப் போதும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 'யு' என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது. 'ஹெச்' என்றால் கூடுதல் மின்சாரத்தில் வேகமாக ஓடும் லேப்டாப் வகை. கடைக்காரரிடம் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்கி, இன்டெல் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.