செயற்கைக் கால் வாங்கினால் மட்டும் நடந்துவிட முடியுமா? தசை வலிமை ஏன் முக்கியம்?

பெங்களூரில் உங்களோடு வேலை பார்க்கும் நண்பருக்கு பைக் விபத்து. அல்லது ஊரில் அப்பாவுக்கு சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். நிலைமை கைமீறிப் போனால் டாக்டர் சொல்வது ஒன்றுதான்: 'காலை எடுக்கணும்.'

உடனே வீட்டில் எல்லோரும் கேட்பது, 'நல்ல செயற்கைக் கால் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்?' கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கால் வருவதற்கு முன்பே, ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் தசைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்பது பின்னால் நடப்பதை பெரிய அளவில் தீர்மானிக்கிறது.

தசைகளுக்கு என்ன ஆகிறது?

கணுக்கால் போனால், நடக்கும்போது உடலை முன்னே உந்தித் தள்ளும் கெண்டைக்கால் தசையின் வேலையும் போகிறது. தொடையில் எடுத்தால் முழங்காலும் சேர்ந்து போகிறது. அந்த வேலையை இடுப்புத் தசைகளும் இன்னொரு காலும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால் செலவாகும் சக்தியும் கூடுகிறது. விபத்தில் முழங்காலுக்குக் கீழே இழந்தவர், அதே தூரம் நடக்க சுமார் கால் பங்கு அதிக சக்தி செலவழிக்கிறார். முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் மேல் கூடலாம். சர்க்கரை நோய், ரத்த ஓட்டப் பிரச்சனை உள்ளவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

தலையணை வைத்தால் என்ன தப்பு?

'வலிக்குதே, பாவம்' என்று காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவோம். நாள் முழுக்க உட்காரவைத்தே எல்லாம் செய்துகொடுப்போம். பாசம்தான். ஆனால் மடங்கிய நிலையிலேயே இருக்கும் மூட்டு, கொஞ்ச நாளில் அப்படியே இறுகிவிடும். இடுப்போ முழங்காலோ முழுசா நீளவில்லை என்றால், செயற்கைக் காலை மாட்டி நேராக நிற்பதே சிரமம்.

அதனால்தான் பிசியோதெரபிஸ்ட்கள் முழங்காலை நீட்டி வைக்கச் சொல்கிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கவும் சொல்கிறார்கள். மூச்சுத்திணறல், இதய நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எந்தத் தசைகளைக் கவனிக்கணும்?

* இடுப்பின் பக்கவாட்டுத் தசை: ஒற்றைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பு சரியாமல் பிடிப்பது இதுதான். இது தளர்ந்தால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். நாளடைவில் முதுகுவலியும் சேரலாம்.
* பின்பக்கத் தசை: தொடைக்கு மேல் இழந்தவர் அடி வைக்கும்போது, செயற்கை முழங்கால் திடீரென மடங்காமல் தாங்க இது தேவை.
* தொடையின் முன்தசை: முழங்கால் மிச்சம் இருப்பவர்களுக்கு, படி ஏற, நாற்காலியிலிருந்து எழ.
* வயிறு, முதுகு, நல்ல கால்: சமநிலைக்கு.

விலை உயர்ந்த கால் வாங்கினால்?

உதவும். ஆனால் பயிற்சிக்கு மாற்று ஆகாது. 2022-ல் இஸ்ரோ, மைக்ரோபிராசசரில் இயங்கும் செயற்கை முழங்காலை உருவாக்குவதாக அறிவித்தது. சுமார் 1.6 கிலோ எடையுள்ள அதை மாட்டிய ஒருவர், குறைந்த துணையோடு சுமார் 100 மீட்டர் நடந்தார். இப்படிப்பட்ட முழங்காலையும் இடுப்புதான் முன்னே வீச வேண்டும்.

நடனக் கலைஞர் சுதா சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பிறகு காலை இழந்தார். 1984-ல் ஜெய்ப்பூர் காலோடு மேடை ஏறினார். அது எளிமையான, விலை குறைந்த கால். இடைப்பட்ட காலத்தில் நடந்தது வலியோடு கூடிய பயிற்சி.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், 19 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அடிக்கடி விழும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லாமல் இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

பெங்களூரில் எங்கே போகலாம்?

1994-ல் தொடங்கிய மொபிலிட்டி இந்தியா நிறுவனம், ஜே.பி. நகரில் செயற்கைக் கால் பொருத்துவதோடு மறுவாழ்வுப் பயிற்சியும் தருகிறது. சென்னை என்றால் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும் கேட்க வேண்டியது: 'கால் கொடுத்த பிறகு எத்தனை நாள் நடைப்பயிற்சி தருவீங்க? சாக்கெட் லூசானால் சரிசெய்து தருவீங்களா?' முதல் சில மாதங்களில் வீக்கம் வற்றி காலின் அளவு மாறும் என்பதால் இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம்.

வேலை என்ன ஆகும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டாக வேண்டும். உங்கள் ஆபீஸில் அது இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். நண்பர் திரும்பி வரும்போது, நடைப்பயிற்சிக்குப் போக வாரத்தில் சில மணி நேரம் கிடைத்தாலே அவருக்குப் பெரிய உதவி.