பழுதறியும் பயிற்சி

வைத்தியசாலையில் இயங்கும் கணினி வலையமைப்பைப் பழகுவதற்காகக் குலைத்துப் பார்க்க எவரும் இடங்கொடார். ஆயினும், பழுதையே பார்த்திராதவர் அதனைத் திருத்துவது எங்ஙனம்?

இதற்கு இரு வழிகள் உள. முதலாவது, பாவனை மென்பொருள். சிஸ்கோ நிறுவனத்தின் ‘பக்கற் றேசர்’ மெய்யான கருவிகளைப் போல நடித்துக் காட்டும். ‘ஜீ.என்.எஸ்.3’ என்பதோ ரௌட்டரின் மெய்யான மென்பொருளையே கணினிக்குள் இயக்கவல்லது. எத்தனை முறை குலைத்தாலும் நட்டமில்லை.

ஆனால், நசுங்கிய கம்பியும் தளர்ந்த இணைப்பும் திரையில் அகப்படா. அதற்கு, அமைப்பை மாற்றத்தக்க பழைய சுவிட்சுகள் இரண்டு வீட்டில் வேண்டும். அவற்றை இணைத்து, ஒரு முனையை ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் வல்லதாகவும், மறுமுனையை ஒன்று முடிந்தபின் மற்றதைச் செய்வதாகவும் அமைத்துப் பாருங்கள். மறுமுனை உண்டோவென வினவும் ‘பிங்’ கட்டளைக்குப் பெரும்பாலும் விடை வரும். பெரிய கோப்போ நத்தைபோல் ஊரும். விடை வந்ததனால் வலையமைப்பு நலமென்று கொள்வது பிழையென அப்போது விளங்கும்.

நண்பரொருவரைக் கொண்டு மறைவாகப் பழுதொன்று செய்வியுங்கள். கம்பி, முகவரி, வழி என்று கீழிருந்து மேலாகச் சோதியுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றி, அதனைக் குறித்து வையுங்கள். இவ்வாறு பழகிய கை, குருதிச் சோதனையின் முடிவு வைத்தியருக்கு எட்டாது நிற்கும் நள்ளிரவில் நடுங்காது.