ஆஸ்திரேலிய ஸ்பான்சர் விசா: பத்தாண்டு உறைந்து கிடந்த சம்பள வரம்பு

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுத் தொழிலாளியை ஸ்பான்சர் செய்து எடுக்கும் முதலாளி, அவருக்குத் தர வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்துக்கு அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 2025 ஜூலை 1 அன்று அது 73,150 டாலரிலிருந்து 76,515 டாலராக ஏறியது. ஓய்வுக்காலத்துக்கென முதலாளி கட்டும் 12 சதவீத சூப்பரானுவேஷன் இதில் சேராது. தங்குமிடமும் சாப்பாடும் தருகிறோம் என்று சொல்லி அந்தச் செலவை இதில் கழித்துக் காட்டவும் முடியாது. வாரம் 38 மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 38.70 டாலர் வரும். அன்றே அமலுக்கு வந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர்தான்.

இந்த உயர்வு தங்களைச் சாய்த்துவிடும் என்று சிறு உணவகங்களும் பட்டறைகளும் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வருத்தம் பொய்யில்லை. சிட்னி நகருக்கும் ஆளரவமற்ற உள்நாட்டு ஊருக்கும் பொதுவில் ஒரே வரம்புதான். வடக்குப் பிரதேசம் போன்ற சில வட்டாரங்களுக்குத்தான் தனி ஒப்பந்தங்களின் வழியே சலுகை உண்டு. ஆனால் சில ஆண்டுகளில் வரம்பு இவ்வளவு ஏறியது ஏன் என்று பார்த்தால், குற்றம் உயர்த்தியதில் இல்லை, உயர்த்தாமல் விட்டதில்தான் இருக்கிறது.

2013-இல் வரம்பு 53,900 டாலர். அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 622.20 டாலர், ஆண்டுக்கு 32,000 டாலருக்குச் சற்று மேல். திறன் பெற்ற தொழிலாளிக்கும் அடிமட்டக் கூலிக்கும் இடையே 21,500 டாலர் இடைவெளி இருந்தது. அதன் பிறகு வந்த அரசுகள் அந்த எண்ணைத் தொடவே இல்லை. 2022-இல் குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 812.60 டாலர் ஆனபோது இடைவெளி 11,600 டாலராகச் சுருங்கியிருந்தது. நாட்டின் முழுநேர வேலைகளில் சுமார் 90 சதவீதம் இந்த வரம்பை விடக் கூடுதலாகவே சம்பளம் தருகின்றன என்று 2023-இல் அரசே ஒப்புக்கொண்டது. திறனாளருக்கான விசா என்ற பெயரில், மலிவான உழைப்புக்குக் கதவு திறந்து கிடந்தது.

மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான குழு குடியேற்ற முறையை மறுஆய்வு செய்த பிறகு, அப்போதைய உள்துறை அமைச்சர் கிளேர் ஓநீல் வரம்பை 70,000 டாலராக்கினார். 2023 ஜூலை 1 அன்று ஒரே எட்டில் 16,100 டாலர். இப்போது சராசரி ஊதிய வளர்ச்சியை ஒட்டி ஆண்டுதோறும் ஏறுகிறது. முதலாளிகளுக்கும் இதுவே நல்லது என்பேன்: ஆண்டுக்கு மூவாயிரம் டாலர் கூடும் என்று தெரிந்தால் திட்டமிடலாம், பத்தாண்டுப் பாக்கியை ஒரே நாளில் தீர்க்கச் சொன்னால் முடியாது.

வரம்போடு இன்னொரு விதியும் உண்டு. அதே வேலையை அதே ஊரில் செய்யும் ஆஸ்திரேலியருக்கு என்ன சம்பளமோ, அதற்குக் குறையாமல் வெளிநாட்டவருக்கும் தர வேண்டும். அந்தச் சந்தைச் சம்பளமே வரம்புக்குக் கீழே இருந்தால், பொதுவாக அந்த வேலைக்கு ஸ்பான்சர் செய்யவே முடியாது. உள்ளூர்க்காரருக்கு அறுபதாயிரம் கொடுத்துவிட்டு, விசாவுக்காக வெளிநாட்டவர் பெயரில் மட்டும் கூடுதல் தொகையை எழுதிக் காட்டும் தந்திரத்தை இந்த விதி அடைக்கிறது.

ஆனாலும் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும் கொடுமையை எந்த வரம்பும் தானாகத் தடுக்காது. வரம்பு உயர உயர, திருப்பிக் கேட்கும் ஆசையும் கூடும். ஸ்பான்சர் செய்வதற்குப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பரிலிருந்தே சட்டப்படி குற்றம். முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய பயிற்சி வரியைத் தொழிலாளி தலையில் கட்டுவதும் கூடாது. சட்டம் இருந்தும் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் ஒன்றுதான். முன்பு வேலை போனால் 60 நாளில் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டியிருந்தது, இல்லையேல் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, வீட்டு வாடகைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறவர் அந்த 60 நாளை நினைத்துத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

அதனால்தான் சம்பள வரம்பை விடவும் பெரிய மாற்றமாக நான் கருதுவது, 2024 ஜூலை 1 அன்று அந்த 60 நாள் 180 நாளாக நீண்டதை. விசாக் காலம் முழுவதிலுமாகச் சேர்த்து 365 நாள் வரை இப்படி எடுத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் வேறு வேலை செய்து பிழைக்கவும் அனுமதி உண்டு. விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதும் அதே நாளிலிருந்து குற்றமாயிற்று. தாளில் எழுதியிருக்கும் சம்பளம் கைக்கு முழுதாக வந்துசேர வேண்டுமானால், வேலையை விட்டு வெளியேறும் துணிச்சல் தொழிலாளிக்கு இருக்க வேண்டும். அதை இந்த ஆறு மாதம் கொடுக்கிறது.

ஏற்கெனவே 482 எனப்படும் தற்காலிக ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய பழைய சம்பளத்தைப் புதிய வரம்பு உடனே மாற்றாது. ஆனால் முதலாளி வழியே நிரந்தர வசிப்புரிமைக்கு 186 விசா கேட்கும்போது, முதலாளியின் முன்மொழிவு (நாமினேஷன்) தாக்கலாகும் நாளில் உள்ள வரம்பே செல்லும். 2022-இல் 55,000 டாலருக்கு வந்தவரின் முதலாளி அந்த அளவுக்குச் சம்பளத்தை உயர்த்த மறுத்தால், முன்பு அவர் வேறு முதலாளியிடம் போய்க் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். 2024 டிசம்பர் 7 முதல், அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் உழைத்த காலமும் 186 விசாவுக்குத் தேவையான இரண்டாண்டுக் கணக்கில் சேர்கிறது. அதே தொழிலில், வரம்புக்குரிய சம்பளம் தரும் இன்னொரு முதலாளியிடம் அவர் மாறிக்கொள்ளலாம். பழைய இடத்தில் உழைத்த மாதங்கள் கூடவே வரும்.