பேரரசுப் பாதுகாப்புக் குழுக் கூட்டம், 1911

பேரரசுப் பாதுகாப்புக் குழுக் கூட்டம் என்பது 1911 ஆகஸ்ட் 23 அன்று பிரித்தானியத் தரைப்படையும் கடற்படையும் தத்தம் போர்த்திட்டங்களை பிரதமர் ஆஸ்குவித் முன்னிலையில் விளக்கிய கூட்டம் ஆகும். இரு படைகளும் ஒன்றோடொன்று பொருந்தாத திட்டங்களை வைத்திருந்தமை இக்கூட்டத்தில் தெளிவாகியது.

பின்னணி

போயர் போரில் (1899–1902) வெளிப்பட்ட குறைபாடுகளைத் தொடர்ந்து, பிரதமர் பால்போர் காலத்தில் 1902 இல் இக்குழு தோன்றியது. இது ஆலோசனை வழங்கும் அமைப்பாகவே இருந்தது. படைகளுக்குக் கட்டளையிடும் அதிகாரம் இதற்கு இல்லை. 1911 சூலையில் ஜெர்மனி தனது போர்க்கப்பலை மொரோக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்கு அனுப்பியதால் போர் அச்சம் எழுந்தது. அதனையடுத்தே இக்கூட்டம் கூட்டப்பட்டது.

இரு திட்டங்கள்

தரைப்படையின் திட்டத்தை என்றி வில்சன் விளக்கினார். ஆறு காலாட்படைப் பிரிவுகளையும் ஒரு குதிரைப்படைப் பிரிவையும் பிரான்சுக்கு அனுப்பி, பிரெஞ்சுப் படையின் இடப்பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். கடற்படைத் தளபதி ஆர்தர் வில்சனோ ஜெர்மனியின் கடற்கரையை நெருங்கி முற்றுகையிட்டு, அங்கே தரைப்படையினரை இறக்க வேண்டும் என்றார். ஜெர்மனி தனது தொடருந்துப் பாதைகள் வழியாக விரைவில் பெரும்படையைக் குவித்துவிடும் என்பதால், இறங்கும் சிறுபடை அழியும் எனத் தரைப்படையினர் மறுத்தனர்.

ஒரே படைவீரர்களை இரு வேறு இடங்களில் பயன்படுத்த இயலாது. எனவே இது கருத்து வேறுபாடு மட்டுமன்று. போர் மூண்டிருந்தால் பெருங்குழப்பம் விளைந்திருக்கும்.

விளைவுகள்

தரைப்படையில் போர்த்திட்டங்களை வகுக்கும் அலுவலர் குழு இருந்தது. கடற்படையில் அத்தகைய குழு இல்லை. திட்டங்கள் பெரும்பாலும் தளபதியின் மனத்திலேயே இருந்தன. 1911 அக்டோபரில் வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படை அமைச்சரானார். 1912 சனவரியில் கடற்படைப் போர்த்திட்டக் குழு அமைக்கப்பட்டது. 1914 ஆகஸ்டில் பிரித்தானியப் படை கடற்படையின் பாதுகாப்பில் இழப்பின்றி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

எனினும் ஒத்துழைப்பு முழுமை பெறவில்லை. 1915 மார்ச் 18 அன்று தார்தனெல்சு நீரிணையைக் கடற்படை தனித்துத் தாக்கியபோது நேச நாடுகளின் மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 25 இல் கலிப்பொலியில் தரைப்படை இறங்குவதற்குள் துருக்கியர் தம் அரண்களை வலுப்படுத்திக்கொண்டனர். 1916 சனவரியில் நேச நாட்டுப் படைகள் முற்றாகப் பின்வாங்கின.

தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றின் தலைவர்கள் கூடித் திட்டமிடும் நிலையான துணைக்குழு 1923 இலேயே உருவானது.