தொட்டியில் காரட் பயிரிடுதல்

காரட் குளிர்ந்த சீதோஷ்ணத்தை விரும்புவதாதலால் நீலகிரிக்கே உரியதெனப் பலர் எண்ணுவர். எனினும், தாம்பரம், பல்லாவரம் முதலிய இடங்களிலும் பருவமறிந்து விதைப்போர் இதனை வீட்டுத் தொட்டிகளில் விளைவிக்கலாம்.

விதைக்குங் காலமே முக்கியமானது. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மேலாக ஊன்றப்படும் இச்சிறு விதை அத்தகைய மழையில் நில்லாது. தாமதித்து விதைத்தாலோ, வெப்பம் மிகுந்து கிழங்கு குட்டையாகி நிறமும் மங்கும். ஆகவே, பெருமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் விதைத்து, மாசி இறுதியில் கிழங்கெடுத்தல் நலம். வெப்பத்தைச் சற்றுத் தாங்கும் பூசா கேசர் என்னும் ரகம் ஏற்றது.

தொட்டி 12 அங்குல ஆழமும் அடியில் துவாரமும் உடையதாயிருத்தல் அவசியம். கல் நீங்கச் சலித்த செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவெரு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து நிரப்புக. கல்லும் பச்சையெருவும் கிழங்கைக் கவைக்கச் செய்யும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் தூவி, முளைக்கும் வரை சுமார் 2 வாரம் மேல்மண் உலராதபடி பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். நாற்றுப் பிடுங்கி நடலாகாது. செடிக்குச் செடி 2 அங்குலம் இருக்குமாறு களைந்துவிடுக. ஏறக்குறைய 90 நாட்களில் கிழங்கு பக்குவமாகும்.