கடைத்தெருவாக இருந்த ஸயீ பாதை

உம்ரா முடித்து வந்தவர்களிடம் ஸயீ பற்றிக் கேட்டால் பளிங்குத் தரை, ஏசி, மாடிகள் என்று சொல்வார்கள். நம் பாட்டனார் காலத்து ஹாஜிகள் கண்டது வேறு. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே அன்று இருந்தது ஒரு கடைத்தெரு. பள்ளியின் சுவருக்கு வெளியே, வியாபாரிகளுக்கும் சுமை மிருகங்களுக்கும் நடுவில்தான் தொங்கோட்டம் நடந்தது.

1955-ல் தொடங்கிய விரிவாக்கத்தில் கடைகள் அகற்றப்பட்டன. பாதை மாடிக் கட்டடமாகி ஹரமுடன் இணைந்தது. கூட்டம் பெருகவே, 2008 வாக்கில் அதன் அகலத்தை ஏறக்குறைய இருமடங்காக்கினார்கள். அப்போது உலமாக்களிடையே ஒரு கேள்வி எழுந்தது: புதிதாகச் சேர்ந்த பகுதி இரு மலைகளுக்கும் இடைப்பட்டதுதானா? இல்லையென்றால் அங்கே செய்யும் ஸயீ கூடுமா? மலைகளின் பெரும்பகுதி முன்பே வெட்டப்பட்டுவிட்டதால் பார்த்துச் சொல்ல வழியில்லை. மலைகள் கிழக்கே இன்னும் நீண்டிருந்ததைக் கண்ணால் கண்ட மக்கா முதியவர்களின் சாட்சியம் அப்போது முக்கியமானது. அவர்களும் மறைந்த பிறகு இந்தக் கேள்வி வந்திருந்தால்?

கூட்ட நெரிசலுக்காகச் செய்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2002-ல் இடிக்கப்பட்ட உஸ்மானியர் கால அஜ்யாத் கோட்டையின் இடத்தில் எழுந்தவை ஹோட்டல்களும் 601 மீட்டர் மணிக்கூண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஸயீயில் பச்சை விளக்குகளுக்கு இடையே ஆண்கள் விரைந்து ஓடுகிறார்கள். அன்னை ஹாஜரா (அலை) ஓடிய பள்ளத்தாக்கு அது. தரை சமமாகிவிட்டதால், பள்ளம் இருந்த இடத்தை இப்போது அந்த விளக்குகள்தான் காட்டுகின்றன.