நிமிர்ந்து உட்காராதே!

"அண்ணா, ஸ்வெட்டருக்கு மேல கோட்டையும் போட்டுக்கோ. ஆத்தங்கரைக் காத்து எலும்பு வரைக்கும் போகும்" என்றான் சித்தப்பா பையன். தப்பு. எலும்பைத் தாண்டியும் போனது.

லண்டனில் பட்னி என்கிற பேட்டை. தேம்ஸ் நதிக்கரை. ஆபீஸ் வேலையாகப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு. மெழுகு பொம்மைகளைப் பார்க்கலாம் என்றிருந்தவனை இழுத்து வந்து, மார்ச் மாதக் குளிரில் கரையோரம் நிறுத்திவிட்டான். எதற்கு? படகு பார்க்க!

ஒன்று வந்தது. எட்டுப் பேர் துடுப்பு, ஒருத்தர் சுக்கான். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அறுபதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டுக் காபி தேட ஆரம்பித்தேன்.

"எல்லாரும் வரிசையாப் போறாங்க. ரேஸ் எங்கேடா?"

"இதுதான் ரேஸ். சில விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொண்ணா கிளப்பி விடுவாங்க. கடைசியில கடிகாரம் பார்த்து யார் ஃபர்ஸ்ட்னு சொல்வாங்க. 1926-ல ஒரு ஆஸ்திரேலியாக்காரர் ஆரம்பிச்சு வெச்சது. அதோ, அவர்தான்."

பின்னால் ஒரு கல் தூண். அதில் வெண்கலத்தில் ஒரு பெரியவர் முகம். பெயர், ஸ்டீவ் ஃபேர்பேர்ன்.

ஊர் திரும்பியும் அந்த முகம் என்னை விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

1862-ல் மெல்போர்னில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆட்டுப் பண்ணைகள். நம்மூர் மாதிரி பத்து ஆடு, இருபது ஆடு இல்லை. கண்ணுக்கெட்டின வரை ஆடு. பையனைச் சட்டம் படிக்கக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏற்றினார்கள். 1881-ல் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்தார். பையன் சட்டத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் படித்தான் என்று தோன்றுகிறது. வக்கீல் பட்டம் வாங்கினார், கோர்ட்டுப் பக்கம் போகவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் வருஷா வருஷம் நடக்கும் படகுப் போட்டி இருக்கிறதே, அதில் நான்கு முறை துடுப்புப் போட்டார். 1882, 1883 இரண்டிலும் தோல்வி. 1886-ல் பார்ன்ஸ் பாலத்தை நெருங்கும்போது கேம்பிரிட்ஜ் நன்றாகவே பின்தங்கியிருந்தது. மிச்சமிருப்பதோ கொஞ்ச தூரம். பந்தயம் கட்டியவர்கள் காசை எண்ண ஆரம்பித்திருப்பார்கள். அங்கிருந்து எட்டிப் பிடித்து, முக்கால் படகு நீளத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்! 1887-ல் எதிராளிப் படகில் ஒருத்தர் துடுப்பே ஒடிந்துபோனது. அதுவும் வெற்றி.

அப்புறம்? ஆஸ்திரேலியா. ஆடு. கல்யாணம், பிள்ளைகள். சுமார் பதினைந்து வருஷம் ஆட்டு ரோமக் கணக்குப் பார்த்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டின பிறகு மறுபடி இங்கிலாந்து வந்தார். இந்தத் தடவை கையில் துடுப்பு இல்லை. கோச்சு! சம்பளத்துக்கு இல்லை, சொந்தப் பைத்தியத்துக்கு.

இங்கேதான் சண்டை ஆரம்பம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் துடுப்புப் போடுவதற்கு ஒரு 'ஆசாரம்' உண்டு. முதுகு கம்பு மாதிரி நிமிர்ந்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்து உடம்பு மொத்தமாகச் சாய்ந்து எழ வேண்டும். கையைச் சட்டென்று மடக்கக் கூடாது. இதெல்லாம் படகில் ஆசனம் ஆடாமல் அசையாமல் இருந்த காலத்துச் சட்டம். 1870-களிலேயே முன்னும் பின்னும் நகரும் சக்கர ஆசனம் வந்துவிட்டது. காலால் உதைத்துத் தள்ளலாம். ஆனால் வாத்தியார்கள் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். (நம் ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் லெட்ஜரில் ஒரு காப்பி எழுதச் சொன்ன சூப்பிரண்டு ஞாபகத்துக்கு வருகிறார்.)

ஃபேர்பேர்ன் என்ன சொன்னார்? முதுகைப் பற்றிக் கவலைப்படாதே. தண்ணீருக்குள் இருக்கும் துடுப்புப் பலகையை நினை. அதைக் காலால் தள்ளு. வேலை சரியாக நடந்தால் உடம்பு தானாக அதற்கேற்ற மாதிரி வளைந்துகொள்ளும். துடுப்புகள் ஒன்றாகத் தண்ணீரைப் பிடிக்கும்போது மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வருமாம், அதைக் காது கொடுத்துக் கேள். அவ்வளவுதான்.

'அசிங்கமாக இருக்கிறது' என்றார்கள் ஆசாரக்காரர்கள். நிஜமாகவே பார்க்க அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். கரையில் நிற்கிறவனுக்கு ராணுவ அணிவகுப்பு மாதிரி எட்டு முதுகு ஒன்றாக நிமிர்ந்தால்தானே அழகு! வருஷக்கணக்கில் வாக்குவாதம். கல்லூரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. கிழவர் அசரவில்லை. புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். கேம்பிரிட்ஜ் கனவான் வீட்டுப் பிள்ளைகளோடு அவர் நின்றுவிடவில்லை. பட்னியில் தேம்ஸ் ரோயிங் கிளப் என்று ஒன்று. 1860-ல் அதை ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமா? லண்டன் ஜவுளிக் கம்பெனிகளில் வேலை பார்த்த குமாஸ்தாக்களும் சேல்ஸ்மேன்களும்! சாயங்காலம் கணக்குப் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆற்றுக்கு ஓடி வந்த நம்ம ஜாதி. கைத்தொழில் செய்து கூலி வாங்குகிறவன் அமெச்சூரே இல்லை, போட்டிக்கே வரக்கூடாது என்று விதி வைத்திருந்த தேசம் அது. அந்த விதியை எடுக்க 1937 ஆயிற்று. குமாஸ்தா மட்டும் எப்படியோ கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பித்துவிட்டான்.

1920-களில் அந்தக் கிளப்புக்குக் கோச்சாக வந்தார் ஃபேர்பேர்ன். பிறகு அதே கரையில் இருக்கும் லண்டன் ரோயிங் கிளப்புக்கு மாறினார். காலேஜ் பையனுக்கு நாள் பூரா பொழுது இருக்கிறது, துடுப்புப் போடலாம். வேலைக்குப் போகிறவன்? கோடையில் போட்டி வரும்போது எட்டிப் பார்ப்பான், குளிர் காலத்தில் கணப்பு அடுப்புப் பக்கம் சுருண்டுவிடுவான். அவனைக் குளிரில் படகில் ஏற்ற என்ன வழி? மைல் கணக்காகத் துடுப்புப் போட்டால்தான் ஆள் தேறுவான் என்பது அவர் கட்சி. 'பயிற்சிக்கு வா' என்றால் வரமாட்டான், 'ரேஸ்' என்றால் வருவான்!

1926 டிசம்பரில் முதல் 'ஹெட் ஆஃப் தி ரிவர்'. மார்ட்லேக்கிலிருந்து பட்னி வரை நாலேகால் மைல். அவர் வாலிபத்தில் ஆக்ஸ்ஃபோர்டைத் துரத்திய அதே தண்ணீர், திசை மட்டும் தலைகீழ். இருபது படகு சொச்சம் வந்தன. ஜெயித்தது லண்டன் ரோயிங் கிளப், அவர் பையன்கள்தான். அவருக்கு அப்போது 64 வயது.

ஒரு உபரிச் செய்தி. அவர் மகன் இயன், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டார். படகு நாலாவதாக வந்தது. பிற்பாடு அவர் லண்டனில் யூனிட் டிரஸ்ட் என்கிற முதலீட்டு முறையைப் பரப்பியவர்களில் ஒருவரானார். நம் பி.எஃப். போக மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறோமே, அதற்குப் பங்காளி முறை.

கிழவர் 1938-ல் போய்ச் சேர்ந்தார். அஸ்தி ஜீசஸ் கல்லூரியில். போட்டியில் ஜெயிக்கிறவர்களுக்குக் கொடுப்பது அவருடைய மார்பளவுச் சிலையைத்தான்.

அன்றைக்குக் கடைசிப் படகுகள் வரும்வரை நின்றோம். அதில் ஒன்றில் எட்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தருக்குத் தொப்பை முழங்காலில் இடித்தது. முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதே அண்ணா. துடுப்பைப் பாரு" என்றான் தம்பி.

பார்த்தேன். எட்டும் ஒரே விநாடியில் தண்ணீரில் இறங்கின. சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று குல்லாயைக் கழற்றிவிட்டுக் காதைக் கொடுத்தேன். காற்றுதான் உள்ளே போனது. இரண்டு நாள் காதுவலி.